ரூவாக் பெண்பால்தான், அதனால் என்ன?

பரிசுத்த ஆவி பெண் என்கிறார்கள். சான்று கேட்டால் எபிரேய அகராதியைத் திறக்கிறார்கள். ஆவியைக் குறிக்கும் 'ரூவாக்' எபிரேயத்தில் பெண்பால் பெயர். ஆதியாகமம் 1:2இல் அந்த ஆவி நீரின்மேல் அசைவாடியதாகச் சொல்லும் வினையும் பெண்பால் வடிவம். ஆகவே படைப்பின் முதல் காட்சியிலேயே கடவுளுக்குள் ஒரு தாய் இருக்கிறாள். பின்னால் வந்த கிரேக்கமும் லத்தீனும் அவளை ஒளித்துவிட்டன. இறையியல் கருத்தரங்குகளிலும் அன்னையர் தினப் பிரசங்கங்களிலும் யூடியூபிலும் இந்த வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது. கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்காது.

இதை மறுக்கக் கிளம்புகிறவர்களும் அதே அகராதியோடுதான் வருகிறார்கள். வேதத்தில் கடவுளுக்கு வரும் வினை ஆண்பால், சுட்டுப்பெயர் ஆண்பால், 'எலோகிம்' ஆண்பால். எனவே அவரைத் தாய் என்று அழைப்பது வேதவிரோதம் என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: சொல்லின் பாலைப் பார்த்தால் பொருளின் பாலினம் தெரிந்துவிடும். நான் மறுக்க வந்தது அந்த நம்பிக்கையை. கடவுளைத் தாய் என்று அழைக்கலாமா என்று கேட்டால், அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும் என்பேன். அதற்கு ரூவாக்கின் இலக்கணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நல்ல வழக்கைத் தோற்கடிக்கும் வேலை.

இந்த வாதம் தமிழ்க் காதில் இவ்வளவு எளிதாக ஏறுவதற்கு நம் இலக்கணமே காரணம். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. மக்கள், தெய்வம் போன்றவை உயர்திணை, மற்றவை அஃறிணை. உயர்திணைக்குள்தான் ஆணும் பெண்ணும். கல்லுக்கும் வாளுக்கும் நாம் ஆண் பெண் பார்ப்பதில்லை. அதனால் 'எபிரேயத்தில் ஆவி பெண்பால்' என்று ஒருவர் சொன்னதும் 'ஆவி ஒரு பெண்' என்றே நமக்குக் கேட்கிறது. எபிரேயத்தில் அஃறிணை என்ற ஒன்றே கிடையாது. உயிருள்ளது, உயிரற்றது, கருத்து, காற்று எதுவானாலும் ஆண்பாலிலோ பெண்பாலிலோ அடங்கியாக வேண்டும். இந்தி படித்துத் தவித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். அங்கே மீசையும் பெண்பால், தாடியும் பெண்பால். அதை வைத்து வடநாட்டு மீசைக்காரர்களின் பெண்மையைப் பற்றி யாரும் ஆய்வேடு எழுதியதாகத் தெரியவில்லை.

எபிரேயத்தில் வாள் பெண்பால். போர் பெண்பால். கல் பெண்பால். ஆண்மகனைக் குறிக்கும் 'கெவெர்' என்ற சொல்லின் வேரிலிருந்தே வந்த 'கெவூரா', வீரம் என்று பொருள்படுவது, அதுவும் பெண்பால். தகப்பன்மாரைக் குறிக்கும் 'ஆவோத்' பெண்பால் பெயர்களுக்கு வழக்கமான பன்மை விகுதியோடு வருகிறது. பெண்களைக் குறிக்கும் 'நாஷீம்' ஆண்பால் பெயர்களுக்குரிய விகுதியோடு வருகிறது. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஓசியா 9:14. கரு தங்காத கர்ப்பத்தையும் வற்றிய முலைகளையும் இவர்களுக்குக் கொடும் என்று தீர்க்கதரிசி மனம் வெந்து கேட்கும் வசனம் அது. கருப்பையைக் குறிக்கும் சொல் அங்கே ஆண்பால். முலையைக் குறிக்கும் சொல்லும் ஆண்பால். அவற்றுக்கு வரும் அடைமொழிகளும் தவறாமல் ஆண்பாலில் இசைகின்றன. பெண்ணுடலின் கருப்பையையே ஆண்பாலில் வைத்திருக்கும் ஒரு மொழியிடம் போய், ஆவி ஆணா பெண்ணா என்று விசாரிக்கிறோம்!

சரி, ரூவாக்கையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பெண்பால்தான், மறுப்பில்லை. ஆனால் சவுலை வாட்டிய பொல்லாத ஆவியும் (1 சாமுவேல் 16:14) அதே ரூவாக், அதே பெண்பால். அன்புள்ள தாயை அங்கேயும் காண்போமா? ஆகாபை ஏமாற்ற முன்வந்து நிற்கும் பொய்யின் ஆவியும் ரூவாக்தான். 1 இராஜாக்கள் 22:21இல் அது வெளிவந்து நின்றதைச் சொல்லும் வினைகளோ ஆண்பால். எலியா ஓரேபில் நிற்கும்போது மலைகளைப் பிளக்கும் காற்று வீசுகிறதே, 1 இராஜாக்கள் 19:11, அதுவும் ரூவாக். 'பெரிய' என்ற அடை பெண்பாலில் வருகிறது. அடுத்த சொல்லே 'பலத்த', அது ஆண்பாலில் வருகிறது. ஒரே காற்று, ஒரே வசனம், பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். எழுதியவருக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை. உறுத்துவது நமக்குத்தான்.

இதைவிடச் சுவையான இடம் எண்ணாகமம் 11. பாலைவனத்தில் இறைச்சி கேட்டு அழும் ஜனத்தைச் சுமக்க முடியாமல் மோசே கடவுளிடம் பொரிந்து தள்ளுகிறார். இந்த ஜனத்தையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், பால் குடிக்கும் பிள்ளையைப் போல மடியில் சுமக்கச் சொல்கிறீரே என்பது அவர் கேள்வி (11:12). பெற்றது நானல்ல, நீர் என்பது அதன் மறைபொருள். மூன்று வசனம் தள்ளி (11:15) அவர் கடவுளை 'நீ' என்று விளிக்கும் இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது 'அத்' என்ற வடிவம். பெண்ணைப் பார்த்துச் சொல்லும் 'நீ' அது. ரூவாக் கட்சிக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடைக்காது. ஆனால் அதே 'அத்' உபாகமம் 5:27இலும் இருக்கிறது; அங்கே ஜனங்கள் அந்தச் சொல்லால் விளிப்பது மோசேயை. எண்ணாகமத்தில் கடவுள் பெண் என்றால் உபாகமத்தில் மோசேயும் பெண். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எண்ணாகமத்து வடிவத்துக்கு வேறு விளக்கம் சொன்னார்: வேதனையில் மோசேயின் பலம் பெண்ணின் பலம்போல் தளர்ந்துவிட்டதாம். இலக்கண வடிவத்தைக் கையில் எடுத்தால் ஆளாளுக்கு ஒரு பெண்மையை அதற்குள் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே அத்தாட்சி. தாய்மை 11:12இல் பச்சையாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு 11:15இன் பிரதிப்பெயரைச் சுரண்டுவது எதற்கு?

இனி எதிர்க்கட்சி. எலோகிம் ஆண்பால், ஆகவே கடவுள் ஆண் என்பவர்கள் 1 இராஜாக்கள் 11:5ஐப் படிக்க வேண்டும். சாலொமோன் பின்பற்றிப் போன அஸ்தரோத் சீதோனியரின் பெண் தெய்வம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. மூலம் அவளைச் சுட்டும் சொல் அதே எலோகிம். பெண் தெய்வத்துக்கென்று தனிச்சொல் எபிரேய வேதத்தில் இல்லை. ஆண்பால் வடிவிலேயே ஒரு தேவியைச் சொல்லிவிட்டுப் போகிற மொழியை ஆண் கடவுளுக்குச் சாட்சியாக நிறுத்த முடியுமா?

புதிய ஏற்பாட்டில் இந்தக் கட்சிக்கு இன்னொரு செல்ல வாதம் உண்டு. கிரேக்கத்தில் ஆவி, 'நியூமா', ஆணுமல்ல பெண்ணுமல்ல, மூன்றாம் பால். அப்படியிருந்தும் யோவான் 14, 15, 16 அதிகாரங்களில் ஆண்பால் சுட்டு வருகிறது. ஆவியானவர் ஆள்தன்மை உள்ளவர் என்று காட்டவே யோவான் வேண்டுமென்று இலக்கணத்தை மீறினார் என்பார்கள். யோவான் எதையும் மீறவில்லை. அந்தச் சுட்டு இசைவது நியூமாவோடு அல்ல, 'பாராக்லேத்தோஸ்' என்ற சொல்லோடு. நம் பழைய மொழிபெயர்ப்பு தேற்றரவாளன் என்றும் திருவிவிலியம் துணையாளர் என்றும் தரும் சொல் அது. கிரேக்கத்தில் அது ஆண்பால். ஆண்பால் சொல்லுக்கு ஆண்பால் சுட்டு. டேனியல் வாலஸ் என்ற கிரேக்க இலக்கண அறிஞர் இதை விரிவாகவே எழுதிக் காட்டினார். அவர் பழமைவாத முகாமைச் சேர்ந்தவர் என்பது கூடுதல் செய்தி.

வேதம் தானே இந்த விவகாரத்தில் வாய் திறந்திருக்கிறது. ஓரேபில் நீங்கள் ஒரு உருவையும் காணவில்லை, ஆகவே ஆண் உருவையோ பெண் உருவையோ செய்துகொள்ளாதீர்கள் என்று உபாகமம் 4:15, 16 எச்சரிக்கிறது. ஓசியா 11:9இல் கடவுள் தாம் மனுஷனல்ல என்கிறார். அங்கே உள்ள 'ஈஷ்' என்ற சொல் ஆண்மகனுக்கும் உரியது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏசாயாவுக்கு உரை எழுதிய ஜெரோம், எபிரேயரின் நற்செய்தி என்ற பழைய நூலில் இயேசு ஆவியைத் தம் தாய் என்று சொல்வதைக் குறிப்பிட்டுவிட்டு, இதில் யாரும் இடறவேண்டாம் என்கிறார். ஆவி எபிரேயத்தில் பெண்பால், லத்தீனில் ஆண்பால், கிரேக்கத்தில் இரண்டுமற்ற பால். தெய்வத்தில் பாலினமே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். மூன்று மொழியும் தெரிந்த மனிதர், மூன்று வரியில் முடித்துவிட்டார். நாம் 1600 ஆண்டு கழித்து அதே பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறோம்.

ரூவாக் கட்சியின் கையில் உள்ள நல்ல சீட்டு சீரியத் திருச்சபை. அதை மறைக்க விரும்பவில்லை. எபிரேயத்துக்கு உறவான சீரியத்தில் ஆவி, 'ரூஹா', பெண்பால். தொடக்க காலச் சீரியக் கிறிஸ்தவர்கள் அந்தப் பாலைச் சும்மா இலக்கணமாக விட்டுவிடவில்லை. ஆவியைத் தாய் என்றே பாடினார்கள். நான்காம் நூற்றாண்டின் அப்ராஹாத், மணமாகாத மனிதனுக்குக் கடவுள் தகப்பன், பரிசுத்த ஆவி தாய் என்று எழுதினார். தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் 'தோமாவின் பணிகள்' நூலில் ஆவியைத் தாயே என்று விளிக்கும் வேண்டுதல்கள் உண்டு. கி.பி. 400க்குப் பிறகு இந்த வழக்கு தேய்ந்தது. பரிசுத்த ஆவியைக் குறிக்கும்போது மட்டும் ரூஹாவை ஆண்பாலாக்கி எழுதத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டியவர் ஆக்ஸ்போர்டின் சீரிய அறிஞர் செபஸ்டியன் பிராக். ஆகவே ஏதோ ஒன்று இழக்கப்பட்டது உண்மை.

ஆனால் அந்தச் சீரியப் பாடல்களையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'சாலொமோனின் பாடல்கள்' என்ற பழைய தொகுப்பின் 19ஆம் பாடலில் பால் நிறைந்த மார்பு யாருக்கு? பிதாவுக்கு. ஆவியானவள் அதைக் கறந்து தருகிறாள். இலக்கணம் வழிகாட்டியிருந்தால் மார்பு பெண்பால் ஆவிக்கல்லவா போயிருக்க வேண்டும்? கவிஞன் இலக்கணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. தகப்பனுக்கு முலை வைத்துப் பாட அவனுக்குத் துணிவு இருந்தது.

இன்னொரு கசப்பான விஷயமும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த 'தீதாஸ்காலியா' என்ற திருச்சபை ஒழுங்குநூல், உதவிக்காரப் பெண்ணைப் பரிசுத்த ஆவியின் இடத்தில் வைத்து மதிக்கச் சொல்கிறது. எவ்வளவு பெரிய கௌரவம்! அதே நூல்தான் பெண்கள் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, போதிக்கக் கூடாது என்றும் தடுக்கிறது. பெண்பால் ஆவி பெண்களுக்கு என்ன வாங்கித் தந்தது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

மறுபக்கம், ஆவி ஆண்பாலாக இருந்த லத்தீன் திருச்சபை தாய்மை உருவகத்தை மறந்துவிட்டதா? 11ஆம் நூற்றாண்டின் அன்செல்ம் இயேசுவைத் தாயே என்று அழைத்து ஜெபம் எழுதினார். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நார்விச் ஜூலியன் என்ற துறவுப் பெண்மணி இயேசுவின் தாய்மையைப் பற்றி எழுதியது இன்றும் வாசிக்கப்படுகிறது. இருவருக்கும் ரூவாக் தேவைப்படவில்லை. 1978 செப்டம்பர் 10 அன்று திருத்தந்தை முதலாம் ஜான் பால், கடவுள் தகப்பன், அதற்கும் மேலாகத் தாய் என்று பேசி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் ஊன்றி நின்றது எபிரேய அகராதியில் அல்ல, ஏசாயா 49:15இல்.

இலக்கணப் பாலுக்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கவிதைக்கு அது இடம் கொடுக்கும். ஞானம், 'ஹொக்மா', பெண்பால் என்பதால்தான் நீதிமொழிகள் அதை வீடு கட்டி விருந்து வைக்கும் பெண்ணாகத் தீட்டுவது எளிதாயிற்று. ஆனால் அதே 9ஆம் அதிகாரத்தில் தெருவில் போகிறவனைக் கூவி அழைத்துக் கெடுக்கும் மதியீனமும் பெண்தான். பால் மேடை போட்டுத் தரும். நாடகத்தை எழுதுவது வேறு கை. ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலியப் பொருண்மையியல் நூலில், சொல்லின் வேரையும் பாலையும் வைத்து இறையியல் கட்டும் பழக்கத்தைத் தோலுரித்தார். நம் மேடைகளுக்கு அது வந்து சேரவில்லை போலும். எல்ஷடாய் என்றால் மார்புகளுள்ளவர் என்று அடித்துச் சொல்கிறார்கள்; அந்தப் பெயரின் வேர் இன்னும் தீராத வழக்கு, மலையோடு இணைப்பவர்களும் உண்டு. ஷெக்கினா பெண்பால் என்று பூரிக்கிறார்கள். அந்தப் பெயர்ச்சொல் எபிரேய வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை, ரபீக்களின் காலத்துச் சொல்.

வேதத்தின் தாய்மை எங்கே இருக்கிறது? ஏசாயா 42க்கு வாருங்கள். 13ஆம் வசனத்தில் கடவுள் போர்வீரனைப் போல முழங்கிப் புறப்படுகிறார். அடுத்த வசனத்திலேயே அவர் பேசத் தொடங்குகிறார்: நெடுநாள் அடக்கிக்கொண்டிருந்தேன், இனிப் பிரசவிக்கிறவளைப் போலக் கதறுவேன், மூச்சிரைப்பேன், திணறுவேன் என்கிறார். வலி முற்றிய தாயின் சுவாசம் அது. இங்கே கதறுவேன், இரைப்பேன், திணறுவேன் என்று வரும் வினைகளுக்கு எபிரேயத்தில் பால் கிடையாது. நம் 'வந்தேன்' போலத்தான். சொன்னவர் ஆணா பெண்ணா என்று அந்த வினைமுற்று காட்டாது. 'நான்' என்ற சொல்லுக்கும் பால் இல்லை. பால் புகுவது பெரும்பாலும் நாம் கடவுளைப் பற்றிப் பேசும்போதும் கடவுளை நோக்கிப் பேசும்போதும்தான். தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று கடவுள் சொல்லும் 49:15 தன்மை வினை. ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்னும் 66:13 தன்மை வினை. கடவுள் தம் வாயால் தம்மைத் தாயாகச் சொல்லும் உச்சமான இடங்களில் இலக்கணம் வாய்மூடி நிற்கிறது.

அது வாய் திறக்கும் இடங்களிலோ நேர் எதிராகச் சொல்கிறது. ஆதியாகமத்தில் ஆவி அசைவாடிய அதே அரிய வினை உபாகமம் 32:11இல் திரும்ப வருகிறது. அங்கே குஞ்சுகளின்மேல் அசைவாடுவது கழுகு. தாய்ப்பறவைச் சித்திரம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். கழுகு ஆண்பால், வினைகளும் ஆண்பால். ஓசியா 13:8இல் கடவுள் தம்மைக் குட்டிகளைப் பறிகொடுத்த கரடி என்கிறார். தாய்க்கரடியின் வெறி, சொல்லின் வடிவம் ஆண்பால். உபாகமம் 32:18இல் இஸ்ரவேலைப் பெற்ற கன்மலையும், பிரசவ வேதனையோடு ஈன்ற கடவுளும்: எல்லாம் ஆண்பால். பெண்பால் விகுதியைத் தேடிப் போகிறவன் இவற்றையெல்லாம் தாண்டிப் போய்விடுவான். ஆண்பால் விகுதியில் நம்பிக்கை வைத்தவன் இவற்றை அழித்தே விடுவான். 1966இல் வந்த ஆங்கில ஜெருசலேம் பைபிள் அந்த ஈன்ற கடவுளைத் தகப்பனாக்கிவிட்டது. பேறுகால வேதனையைச் சுட்டும் வினைக்குத் தகப்பன் என்ன செய்வான்?

தாய் என்பதெல்லாம் வெறும் உவமை, தகப்பன் என்பதே பெயர் என்று ஒரு பதில் வரும். உபாகமம் 32:18இல் 'போல' இல்லை. உறைபனி யாருடைய கர்ப்பத்திலிருந்து வந்தது என்று யோபு 38:29 கேட்கும்போதும் இல்லை. அதற்கு முந்தைய வசனம் மழைக்குத் தகப்பன் உண்டோ என்று கேட்கிறது, இரண்டும் ஒரே தட்டில். தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல என்று சங்கீதம் 103:13 சொல்லும்போது அங்கேதான் 'போல' இருக்கிறது. எபிரேய வேதத்தில் கடவுளைத் தகப்பன் என்று சொல்லும் இடங்களும் குறைவே. இயேசு 'பிதாவே' என்று அழைத்தார் என்பது வேறு வாதம், கனமான வாதம், நேர்மையான வாதம். அந்த அழைப்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே இயேசு தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டிச் சேர்க்கும் கோழி என்றார். காணாமல் போனதைத் தேடும் கடவுளைக் காட்ட முதலில் ஆட்டைத் தேடும் மேய்ப்பனையும் (லூக்கா 15), உடனே விளக்குக் கொளுத்தி வீட்டைப் பெருக்கும் பெண்ணையும் நிறுத்தினார். அரசன், வீரன், கணவன் என்ற ஆண் உருவகங்கள் வேதத்தில் மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மிகுதி வேறு, ஏகபோகம் வேறு.

தமிழர்களுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. திருச்சி மலைக்கோட்டைச் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகாலத்தில் தவித்த பெண்ணுக்குத் தாய் உருவில் வந்து துணை நின்றார் என்கிறது தலபுராணம். அந்தப் பெயரில் பெண்பால் விகுதி இல்லை, யாரும் தேடியதும் இல்லை. நம் விவிலியத்தின் ஆவியானவரும் தூய ஆவியாரும் அவர் என்றே வருகிறார்கள். அந்த 'அவர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. வசதியான மொழியைக் கையில் வைத்துக்கொண்டு எபிரேயத்தின் விகுதிச் சண்டையை இறக்குமதி செய்திருக்கிறோம்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அன்னையர் தின ஆராதனையில் ரூவாக்கை விட்டுவிடுங்கள். உபாகமம் 32:18ஐயும் ஏசாயா 42:14ஐயும் ஓசியா 13:8ஐயும் வாசியுங்கள். வாசித்த கையோடு, எங்களைப் பெற்றவளே என்று ஒருமுறை ஜெபியுங்கள். சபையில் யாராவது எழுந்து இதற்கு வேத ஆதாரம் என்ன என்று கேட்டால், அகராதியைக் காட்டாதீர்கள். சற்றுமுன் வாசித்த வசனங்களைக் காட்டுங்கள்.